‘போதும்’ எடுபடாத வீடு

வெள்ளியம்பாளையத்துக்கு மேற்கே, ஏரியில் பாதியைத் தூர்த்து மனை போட்டு, மீதிப் பாதியில் ஊர்க் குப்பையைக் கொட்டி, அந்த இடத்துக்குத் தாமரை கார்டன் என்று பெயரும் வைத்துக்கொண்டு குடியேறிய பெரிய மனிதர்களின் தெருவில், நூல் வியாபாரி நாச்சிமுத்துவின் மனைவி சுலோச்சனாவின் வீட்டில் ஒரே ஒரு சொல் மட்டும் எந்தக் காலத்திலும் எடுபட்டதில்லை. அந்தச் சொல் ‘போதும்’. இலையின் குறுக்கே இரண்டு கைகளையும் வைத்து, உடம்பையே கவிழ்த்து மறைத்து, “போதுமுங்க, சத்தியமாப் போதுமுங்க” என்று கெஞ்சுகிற விருந்தாளியின் கையை அவள் ஒரு கையால் ஒதுக்கி, “அட, கையை எடுங்க, நம்ம வீட்டுல என்ன கூச்சம்” என்று மறு கையால் ஒரு கரண்டி சோற்றைத் தள்ளிவிடுவாள். அதன் மேல் நெய்யை விடுவாள், நெய்க்குத் துணையாக இன்னும் கொஞ்சம் பருப்பை விடுவாள், பருப்பு தனியாக இருக்கிறதே என்று மறுபடி சோற்றைத் தள்ளுவாள். விருந்தாளி போன பிறகு மடித்த இலையைத் தூக்கும்போது அது கனமாக இருந்தால் அவளுக்கு மனசு நிறையும். இலேசாக இருந்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் யாரோ தன்னை அவமானப்படுத்திவிட்டதாகவே இருக்கும்.

மூன்று பேர் உள்ள வீட்டில் எட்டுப் பேருக்கு உலை வைப்பது அவள் வழக்கம். திடீரென்று ஐந்து பேர் வந்து நின்றால் என்ன செய்வது என்பாள். கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த ஐந்து பேர் வந்ததில்லை. வராதவர்களின் சோறும் குழம்பும் முதல் நாள் ஃபிரிட்ஜில் பெரிய பாத்திரத்தில் இருக்கும், மறுநாள் சின்னக் கிண்ணத்துக்கு மாறும், அதற்கும் மறுநாள் மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவுக்குப் போகும், பிறகு வாடை வந்ததும் “வீணாப் போயிரக் கூடாது பாரு” என்ற தர்மசிந்தனையோடு பாத்திரம் கழுவ வரும் ராசாத்தியின் கைக்குப் போகும். ராசாத்தி அதை வாங்கிக்கொண்டு போய் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டுத் தன் வீட்டில் சூடாகச் சோறு வடிப்பாள்.

இந்த ஏற்பாட்டில் சங்கடப்பட்ட ஒரே ஆள் சுலோச்சனாவின் மகள் கோகிலவாணி. அவள் பக்கத்து ஊர் கால்நடை மருத்துவமனையில் டாக்டர். சின்ன வயிறு அவளுக்கு. நடக்கப் பழகுவதற்கு முன்பே ‘போதும்’ என்று சொல்லப் பழகிய குழந்தை. அந்தச் சொல்லை அவள் சொல்லச் சொல்ல அம்மா ஊட்டினாள், அவள் துப்பத் துப்ப வழித்து ஊட்டினாள். இப்போது வளர்ந்து மாடுகளுக்கு ஊசி போடுகிறாள், தட்டில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.

“அந்தத் தொட்டியில கெடந்த சோத்தைத் தின்னு இன்னிக்கு ஒரு மாடு செத்துப்போச்சும்மா,” என்றாள் ஒரு நாள். “வயிறு கல்லாட்டம் ஊதிக்கிச்சு. உள்ளுக்குள்ள எல்லாம் புளிச்சுப்போயிருந்துச்சு.”

“வாயில்லாச் சீவன் வயிறாரத் தின்னுட்டுத்தானே போயிருக்கு, அதுவும் புண்ணியந்தான் கண்ணு,” என்றாள் சுலோச்சனா. “நீ மொதல்ல சாப்பிடு.” பேசிக்கொண்டே ஒரு கரண்டி வைத்தாள்.

ஆடி நோம்பி விருந்து முடிந்த மறுநாள் காலையில் தெருமுனைத் தொட்டியிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். முழுக்க முழுக்கச் சோற்றால் ஆனவன். புருவம் கறிவேப்பிலை, காது இட்லி, விலா எலும்பு மென்று துப்பாத முருங்கைக்காய், முழங்கால் சிப்பி இரண்டும் ஒரு கடி மட்டும் கடித்து வைத்த இனிப்பு ஒப்புட்டு, மார்பு நெடுக ஆறிப்போன அரிசிம்பருப்பு சாதம். அவன் ஆறு வீட்டைத் தாண்டி வந்து, இழுத்தால் திறக்காத, தூக்கித் தள்ளினால் மட்டும் திறக்கிற சுலோச்சனா வீட்டுக் கேட்டைப் பழகியவனாகத் தூக்கித் தள்ளித் திறந்து, செருப்பில்லாத காலை மிதியடியில் துடைத்து, நேராகச் சாப்பாட்டு மேசையில் விருந்தாளிகளுக்கு என்று ஒதுக்கிய நாற்காலியில் உட்கார்ந்தான். சுலோச்சனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தன் கைச் சமையலை அவளுக்கு அடையாளம் தெரியாதா என்ன.

“வா தம்பி,” என்றாள். “இட்லி வெக்கட்டுமா?”

“போதும்,” என்றான் அவன்.

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. வந்தவன் போதும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. தட்டு நிறைய வைத்தாள். அவன் தின்னவில்லை, தின்ன அவனுக்கு வயிறும் இல்லை, அவனே வயிற்றுக்குப் போகாத சோறு. வைத்ததெல்லாம் மெல்ல அவன் மேலேயே ஏறி ஒட்டிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் தோள் ஒரு விரற்கடை அகன்றிருந்தது. கடையிலிருந்து வந்த நாச்சிமுத்து அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மூக்கு நம்ம கோகிலா மூக்கு,” என்று மட்டும் சொல்லிக் கைகழுவப் போனார். அவர் சொன்னதும் சரிதான். அவன் உடம்பில் பெரும்பங்கு கோகிலவாணி வேண்டாம் என்று சொன்ன சோறு.

அந்த வாரத்துக்குள் தெருவில் வீட்டுக்கு ஒருவன் வந்து சேர்ந்தான். பிரியாணி மிச்சத்தில் ஒருவன், பிறந்தநாள் கேக்கில் ஒருவன், குழந்தைகள் ஓரம் பிய்த்துத் தின்று நடுவை விட்ட தோசைகளை அடுக்கடுக்காகப் போர்த்திக்கொண்டு ஒருவன். எல்லோருக்கும் தெரிந்தது ஒரே சொல். காலையில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ‘போதும், போதும்’ என்று மெல்லிய குரலில் கேட்கும், அதற்குப் பதிலாகக் கரண்டி பாத்திரத்தில் இடிபடும் சத்தம் கேட்கும். போலீஸ்காரர் ஒருவர் வந்து ஆதார் கார்டு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். கவுன்சிலர் வந்து இவர்களுக்கு ஓட்டு உண்டா என்று கேட்டு, இல்லை என்று தெரிந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார். ஜோசியர் மட்டும் நின்று நிதானமாகப் பார்த்து, இது லட்சுமி கடாட்சம், ஆள் பெருக்கப் பெருக்க வீடு பெருகும் என்று சொன்னார். படித்து, வெளிநாடு போய், மூன்று மொழியில் கையெழுத்துப் போடுகிற அத்தனை பேரும் அதை நம்பினார்கள்.

நம்பிய பிறகு அவர்கள் செய்த கூத்தைச் சொல்ல நாக்கூசுகிறது. யார் வீட்டு ஆள் உயரம், யார் வீட்டு ஆள் பளபளப்பு என்று வாசலில் நிறுத்தி அளந்து பார்த்தார்கள். முன்பெல்லாம் மிச்சமாகிக் குப்பைக்குப் போனது, இப்போது மிச்சமாவதற்கென்றே சமைத்தார்கள். பல்லுக்கு முந்திரி வைத்தார்கள், முகத்துக்கு நெய் தடவினார்கள், எதிர்வீட்டுத் தமயந்தி தன் வீட்டு ஆளுக்குக் குங்குமப்பூவில் மீசை வைத்தாள். தெருக்கோடியில் இருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் தங்கவேலு வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அங்கே புருஷனும் பெண்டாட்டியும் அளந்து பொங்கி, மீந்ததைத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் கரைத்துக் குடிக்கிற ஜனங்கள். பாவம், அவர்களுக்கும் ஒருவன் வரட்டும் என்று தெருவே சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது. அவர்கள் கெடாததை எடுத்துத் தின்றுவிட்டு, கெட்டதைத் தென்னைக்குப் புதைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் தெரு அவர்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

வந்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. ஒவ்வொருவன் உடம்பிலிருந்தும் ஓயாமல் தண்ணீர் சொட்டியது. குழாய்த் தண்ணீர் இல்லை, சேறு கலந்த வாய்க்கால் தண்ணீர், சமயத்தில் ஒரு நண்டும் ஓரிரண்டு நெல்நாற்றும் சேர்ந்து விழும். ஒரு கவளத்தை விளைவிக்க எங்கோ எவனோ பாய்ச்சிய தண்ணீரெல்லாம் அவர்கள் வழியாகத் திரும்பி வந்து தெருவில் ஓடியது. அது ஓட ஓட வீடுகளின் போர்வெல் கீழே கீழே போய், கடைசியில் காற்றைக் கக்கியது. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு குடிதண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தார்கள் தாமரை கார்டன்காரர்கள். சோற்று ஆட்கள் பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றினால் குப்பென்று நீலமாகத் தீப்பிடித்து அணைந்தது. ஏரிக்கரைக் குப்பைமேடும் அதே நீலத்தில் இரவும் பகலும் புகைந்தது, குழந்தைகள் இருமின, டாக்டர் மருந்து எழுதினார். இவ்வளவுக்கும் ஒருவர் வாயிலிருந்தாவது காரணம் என்ன என்ற கேள்வி வரவில்லை. யார் வீட்டு ஆளிடமிருந்து அதிகம் சொட்டுகிறது என்றுதான் அதிலும் போட்டி.

சுலோச்சனா வீட்டு ஆள்தான் எல்லோரிலும் பெரியவன். மேசையில் கொள்ளாமல் கூடத்துக்கு வந்தான், கூடத்தில் கொள்ளாமல் கோகிலவாணியின் அறையில் படுத்தான், அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். ராத்திரியில் அவள் மட்டும் இறங்கி வந்து அவன் அருகில் உட்காருவாள். “போதுமா?” என்பாள். “போதும்,” என்பான். அவள் தலையாட்டிவிட்டு ஒன்றும் வைக்காமல் எழுந்துபோவாள். அந்த ஒரு நேரத்தில்தான் அவன் உடம்பிலிருந்து சொட்டுவது நிற்கும். சுலோச்சனா ஒருமுறை கதவோரம் நின்று இதைப் பார்த்தாள், பிள்ளைக்கு உபசரிக்கவே தெரியவில்லையே, போகிற இடத்தில் என்ன பேர் வாங்குமோ என்று கவலைப்பட்டாள்.

போகிற இடமும் தேடி வந்தது. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் மண்டிக்காரர்கள், பையன் பெங்களூரில். பையனின் அம்மா விசாலாட்சி பெண் பார்க்க வந்தபோது பெண்ணைப் பார்த்ததைவிட அறைக்குள் படுத்திருந்தவனை அதிக நேரம் பார்த்தாள். “எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்திருக்குதுங்க, இதுல பாதிகூட இல்லீங்க,” என்றாள். அவள் குரலில் இருந்த ஏக்கத்தைக் கேட்டுச் சுலோச்சனாவுக்குப் பிறவி எடுத்த பயன் கிடைத்துவிட்டது. பையன் கோகிலவாணியைத் தனியே கூப்பிட்டு, கல்யாணத்துக்கு அப்புறம் மாடு, சாணி எல்லாம் விட்டுவிட வேண்டும் என்று இனிமையாகச் சொன்னான்.

“எனக்கு இந்த எடம் வேண்டாம்மா,” என்றாள் கோகிலவாணி அவர்கள் போனதும்.

சுலோச்சனா போனை எடுத்து, “பொண்ணு வெக்கப்படுதுங்க சம்பந்தியம்மா, நாம நாள் பார்த்தர்லாம்,” என்றாள்.

“அம்மா, நான் வெக்கப்படல. வேண்டாம்னு சொல்றேன்.”

“அப்படித்தான் கண்ணு சொல்லோணும். கேட்ட ஒடனே சரின்னு சொன்னா நாலு பேரு என்ன நெனப்பாங்க?”

கோகிலவாணி அப்பாவைப் பார்த்தாள். நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். அந்த வீட்டில் அவரும் ஒரு காலத்தில் போதும் என்று சொல்லிப் பார்த்தவர்தான், பிறகு பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு வாழப் பழகிவிட்டார். “அம்மா சொல்றது நல்லதுக்குத்தான் அம்முணி,” என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பினார்.

நிச்சயத்தை வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு வைத்தார்கள். மண்டபத்துக்குப் போனால் அறையில் படுத்திருக்கிற ஆளைக் கொண்டுபோக முடியாது, அவன் இல்லாமல் என்ன கௌரவம்? அந்த நாளுக்குள் அவனை இன்னும் பெரிதாக்கிக் காட்டுவதென்று சுலோச்சனா இரண்டு அடுப்பை நாலாக்கினாள். பொங்கினாள், வடித்தாள், அவன் மேல் கவிழ்த்தாள். “போதும்,” என்றான். “கூச்சப்படாத தம்பி,” என்றாள். “போதும்,” என்றான். “நம்ம வீடுதானே,” என்றாள். அவன் தலை மின்விசிறியைத் தொட்டது, தோள் இரண்டு சுவரையும் தொட்டது, கோகிலவாணி படித்து வாங்கிய பட்டம் தொங்கிய ஆணி அவன் கைக்குள் எங்கோ போய்விட்டது. சம்பந்தி வீட்டார் தங்கள் வீட்டு ஆளையும் மினி லாரியில் ஏற்றி, மாலை போட்டு அழைத்து வந்தார்கள். லாரியில் உட்கார்ந்திருந்தவனையும் ஜன்னல் வழியே தெரிந்தவனையும் மாறி மாறிப் பார்த்த ஜனங்கள், பெண் வீடே பெரிது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். விசாலாட்சி முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு இதுவும் நமக்கு வரப்போவதுதானே என்று விரிந்தது.

பந்தி பந்தியாகச் சாப்பாடு நடந்தது. கையைக் குறுக்கே வைத்தவர்கள் கையெல்லாம் ஒதுக்கப்பட்டது. இலைகள் கனமாக மடிந்து எழுந்தன. நிச்சயத் தாம்பூலத் தட்டு மாற்ற இன்னும் நேரம் இருந்தது. கடைசிப் பந்தியில் வீட்டுக்காரர்கள் உட்கார வேண்டும் என்று விசாலாட்சியே கையைப் பிடித்துச் சுலோச்சனாவை உட்கார வைத்தாள், பக்கத்தில் கோகிலவாணியை உட்கார வைத்தாள். சுலோச்சனா பந்தியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவள் எப்போதும் நின்றுகொண்டு, வாணலியில் ஒட்டியதை வழித்து, அவசரமாக இரண்டு வாய் போட்டுக்கொண்டு, அடுத்த கரண்டியைத் தூக்குகிறவள்.

அப்போது வீட்டுக்குள் நிலைப்படி முறிகிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து வெளியே வந்தான். தெரு வழிவிட்டது. பரிமாறுகிறவன் கையிலிருந்த வாளியை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பந்தியின் தலைமாட்டுக்கு வந்தான். அவன் தன் மார்பிலிருந்து ஒரு கரண்டி சோற்றை எடுத்துக் கோகிலவாணி இலையில் வைத்தான், ரசம் எங்கிருந்தோ சொட்டியது. அவள் பிசைந்து சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி எடுத்தான். அவள் இலைமேல் கை வைத்தாள்.

“போதும்,” என்றாள்.

அவன் நின்றான். கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அந்தத் தெருவில் அந்தச் சொல்லுக்கு ஒரு கை நின்றது அதுதான் முதல் தடவை. கோகிலவாணி அவனை நிமிர்ந்து பார்த்தாள், அவள் கண் கலங்கியது. இலையில் ஒரு பருக்கை இல்லாமல் வழித்துச் சாப்பிட்டு, காகிதம் போல இலேசாக இருந்த இலையை மடித்து எழுந்தாள்.

“இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாமுங்க,” என்றாள் விசாலாட்சியிடம். “எங்கம்மா வெக்கம்னு சொல்லுவாங்க. வெக்கம் இல்லீங்க.” கையைக் கழுவிக்கொண்டு, பந்தல் மூங்கிலில் சாய்த்து வைத்திருந்த வண்டியை எடுத்துக் கிளப்பி, தெருத் தண்ணீர் இருபக்கமும் தெறிக்க ஆஸ்பத்திரி இருந்த திசையில் போனாள்.

“கோகிலா,” என்று சுலோச்சனா எழப் பார்த்தாள். அதற்குள் அவன் அவள் முன்னால் குனிந்துவிட்டான். இலையில் ஒரு கரண்டி விழுந்தது. அரிசிம்பருப்பு சாதம். கெடவில்லை, புளிக்கவில்லை, அடுப்பிலிருந்து இறக்கிய சூடு. பெற்ற மகள் போகிறாள், ஊர் பார்க்கிறது, எழவும் முடியவில்லை. இலையில் வைத்ததை அப்படியே விட்டு எழுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஒரு வாய் எடுத்துப் போட்டாள். உப்பு, காரம், சீரகத்தின் வாசம் எல்லாம் சரியாக இருந்தது. தன் சமையலைச் சூடாக, உட்கார்ந்து, அவள் சாப்பிட்டதே இல்லை, இத்தனை ருசியாகவா இருந்தது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அடுத்த கரண்டி விழுந்தது. அதற்கடுத்து கோகிலவாணியின் பத்தாவது பிறந்தநாள் பாயசம், அவள் துப்பிய பருப்பு, நாச்சிமுத்து வேண்டாம் என்ற வடை, வராத ஐந்து பேரின் சோறு. சுலோச்சனா இரண்டு கைகளையும் இலையின் குறுக்கே வைத்து, உடம்பைக் கவிழ்த்து மறைத்தாள்.

“போதும்,” என்றாள். “தம்பி, சத்தியமாப் போதும்.”

அவன் புன்னகைத்தான். எத்தனையோ நாளாக அந்த வீட்டில் இருந்தவன், வேறு எதையும் கற்றுக்கொள்ள அவனுக்கு அங்கே வழியில்லை. முதல் முறையாக அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

“அட, கையை எடுங்க,” என்றான். “நம்ம வீட்டுல என்ன கூச்சம்.”

ஒரு கையால் அவள் கைகளை ஒதுக்கி, மறு கையால் கரண்டியைக் கவிழ்த்தான். சுற்றி நின்ற தெரு வாயைப் பிளந்து பார்த்தது. ஒருவரும் வந்து அவளைத் தூக்கிவிடவில்லை. பெண் போன கோபத்தில் இருந்த விசாலாட்சிகூட, “என்ன இருந்தாலும் எப்படி உபசரிக்குது பாருங்க, வளத்தவங்க கை அப்படி,” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். தமயந்தி, தன் வீட்டு ஆளுக்கும் பரிமாறப் பழக்கிவிட வேண்டியதுதான் என்று வீட்டைப் பார்த்து ஓடினாள். சுலோச்சனா மறுபடி கையைக் குறுக்கே வைத்தாள், அவன் மறுபடி ஒதுக்கினான். அவனிடம் இன்னும் இடது கையும், இடுப்புக்குக் கீழே முழுசும் பரிமாற மிச்சம் இருந்தது.